கிலோவுக்குப் பத்து பின்

— அப்ப நாளைக்கு வெறுங்காலோடதான் இறங்கப் போறாரா?

— வெறுங்கால்தான், அக்கா. புபாத்தியோட உதவியாளர்கிட்ட நானே பேசிட்டேன். செருப்பைக் கழட்டி வரப்புல வைப்பார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிப்பார். இறங்கி பத்து அடி நடப்பார். போட்டோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் என் பேச்சு.

— மாவட்டத்தையே ஆளற பெரிய மனுஷன். யார் வயல்ல இறங்கறார்?

— தெரியாத மாதிரி கேக்கற. நேத்து நாப்பது மூட்டை கம்போஸ்ட் கொட்டி உழுதது யார் வயல்ல? உன் வயல்லதான்.

— என் புருஷன் வயல். என் வயல்னு நீ இன்னிக்குத்தான் சொல்ற.

— மச்சான் எங்க? ஆபீசரம்மா பத்து மணிக்கு உரக்கூடத்துக்கு வந்துடுவாங்க. சோதனை நடக்கறப்ப சுபாக் தலைவரும் பக்கத்துல நின்னா நல்லா இருக்கும்.

— வயலுக்குப் போயிருக்கார். நாளைக்கு ஒரு பெரிய மனுஷனை இறக்கறதுக்கு முன்னாடி, தான் ஒரு தடவை வரப்புக்கு வரப்பு நடந்து பாக்கணுமாம்.

— அதான் மச்சான். சுபாக் தலைவரா ஊர் முழுக்க வயலுக்குத் தண்ணி பிரிச்சு விடறவர், முதல்ல தன் காலை வச்சுப் பாக்கறார். அதுவும் அந்தக் காலோட.

— அந்தக் காலோடதான்.

— அக்கா, அதை இன்னிக்குப் பேச வேண்டாம்.

— நான் பேசலை. போன வருஷம் நீ குடுத்த உரத்துல மூணு ஸ்டேப்ளர் பின் அவர் கால்ல ஏறினதை நான் சொல்லலை. ரெண்டு மாசம் சீழ் வச்சதைச் சொல்லலை. சுண்டுவிரலை எடுத்துடலாமான்னு டாக்டர் கேட்டதையும் சொல்லலை.

— நன்றி.

— வாத்தையும் சொல்லலை.

— வாத்தை விடு, அக்கா.

— பதினேழு பின். வயித்தை அறுத்து எண்ணினது நான்.

— சரி, அந்தப் பின் எங்கேர்ந்து வந்தது? என் உரக்கூடத்துல முளைச்சுதா? அதாவது, நான் குத்தம் சொல்லலை, தகவலா சொல்றேன். நீங்க நாப்பத்தெட்டுப் பொம்பளைங்க சந்தையில உக்காந்து தென்னங்குருத்தோலையை மடிச்சு, மூலைக்கு மூலை ஸ்டேப்ளர் அடிச்சு, மேல பூ வச்சு சானாங் செஞ்சு விக்கறீங்க. ஊரே வாங்கிட்டுப் போய் காலையில சாமிக்கு வைக்குது. சாயங்காலம் கூட்டித் தள்ளுது. அது என் கூடத்துக்கு வருது. ஓலை மக்குது, பூ மக்குது, சோத்துப் பருக்கை மக்குது. பின் மக்குமா?

— மக்காது.

— அதான்.

— மேல வைக்கற மிட்டாயோட காகிதமும் மக்காது.

— அது அடுத்த வருஷப் பிரசாரம். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒண்ணுதான். அதாவது மாவட்ட அளவுல ஒரு தொழிலை வளர்க்கறப்ப மக்களை ஒரே நேரத்துல நாலு பக்கம் இழுக்கக் கூடாது.

— இழுக்காத. இன்னிக்கு என்ன ஆகும்னு மட்டும் சொல்லு. அவங்க காந்தத்தை வச்சாங்க, ஒட்டிச்சு. அப்புறம்?

— கிலோவுக்குப் பத்து வரைக்கும் ஒட்டலாம். பதினொண்ணு ஒட்டினா, சுபாக் விவசாயிங்க யாரும் நம்ம உரத்தை வாங்க மாட்டாங்க. வாங்க மாட்டோம்னு மச்சானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார்.

— தெரியும். சாப்பாட்டு மேஜையில வச்சுத்தான் போட்டார். பேனா நான் குடுத்தது.

— சுபாக் வாங்கலைன்னா துறை கையை விரிச்சுடும். மாசக் கடைசியில மாவட்டத்துல இருக்கற பதினோரு உரக்கூடத்தையும் மூடிடுவாங்க. அறுபத்து மூணு பேர் வீட்டுக்குப் போகணும். ஓலையும் பூவும் பழையபடி குப்பைமேட்டுக்குப் போகணும். ஆனா பச்சைக் குப்பை வாங்க மாட்டோம்னு குப்பைமேட்டுல போர்டு வச்சாச்சு.

— அப்ப எங்க போகும்?

— ஆத்துக்கு.

— ஆறு எங்க போகும்?

— உன் வயலுக்கு.

— எப்படிச் சுத்தினாலும் என் வயலுக்குத்தான் வருது.

— அதான் சொல்றேன். இன்னிக்கு நம்ம எல்லாருக்கும் முக்கியமான நாள். ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை.

— குறட்டை எங்க வீடு வரைக்கும் கேட்டுதுன்னு உன் மச்சான் சொன்னார்.

— அது களைப்பு. அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. போன கலுங்கான் பண்டிகை முடிஞ்ச மறுநாள் நான் சந்தைக்கு வந்து பேசினேன் இல்ல? அன்னிக்கு நிஜமா உங்க மனசுல பட்டுதா?

— எந்தப் பேச்சு? மண்புழு வேஷத்துல வந்தியே, அதுவா?

— அது விழிப்புணர்வு உடுப்பு. எங்க உரக்கூடச் சங்கத்துல தைச்சது.

— பச்சை மிளகாய் விக்கற பொம்பளை அதைப் பாத்துட்டு, பாம்பு ரெண்டு காலோட வருதுன்னு எழுந்து ஓடினா.

— பேச்சைக் கேட்டீங்களா இல்லையா?

— கேட்டோம். எனக்கு இப்பவும் மனப்பாடம். “தாய்மார்களே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இன்னும் ஆறு மாசத்துல மாவட்டத்துல எந்த உரத்தை எடுத்து வச்சாலும் காந்தத்துல ஒரு பின்கூட ஒட்டக் கூடாது. எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது. அது உங்க பொறுப்பு.” சொல்லிட்டு வாலைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டே.

— அப்படியே ஞாபகம் வச்சிருக்க.

— நாங்க எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கோம். அன்னிக்கு மத்தியானமே உக்காந்து பேசினோம். தம்பி அழாத குறையா கேக்கறான், வேஷம் எல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கான், ஏதாவது செய்யணும்னு.

— அக்கா, எனக்குக் கண்ணு கலங்குது.

— துடைச்சுக்கோ. ஆபீசரம்மா வர்ற நேரம்.

— நீங்க செஞ்சதுக்கு அத்தாட்சி என்கிட்ட எண்ணாவே இருக்கு. பேச்சுக்கு அடுத்த மாசம் கிலோவுக்கு இருநூத்துப் பதினாலு. அது பழைய குப்பை. அப்புறம் தொண்ணூறு. அப்புறம் முப்பத்தொண்ணு. போன மாசம் நாலு. பதினோரு கூடத்துலயும் இதே கதைதான். சுமத்ராவுலேர்ந்துகூட ஒருத்தர் போன் பண்ணி எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டார்.

— என்ன சொன்னே?

— மக்களோட மனசைத் தொட்டோம்னு சொன்னேன்.

— நல்ல பதில்.

— ஸ்டேப்ளருக்குப் பதிலா ஓலையில குத்த சங்கத்துல இருபது கட்டு மூங்கில் ஊசி இலவசமாக் குடுத்தோமே, அது ஒரே வாரத்துல தீர்ந்து போச்சுன்னு நீ சொல்லி அனுப்பினப்பவே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

— அந்தக் குச்சிக் கட்டைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், நெங்கா.

— நன்றி எல்லாம் வேண்டாம். இன்னும் முப்பது கட்டுக்குச் சொல்லியிருக்கேன்.

— நன்றி சொல்ல வரலை.

— குறை இருந்தாலும் சொல்லு, எழுதிக்கறேன். தடிப்பா இருந்துதா?

— நல்ல குச்சிதான். தடிப்பாத்தான் இருந்துது. அதனாலதான்...

— அப்ப மெல்லிசா சீவச் சொல்றேன். கை என்ன சொல்லுது? அத்தனை வருஷப் பழக்கத்தை மாத்தறது சாமானியமா?

— கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

— பாத்தியா, இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொன்னேன். ரெண்டு நாள் கஷ்டம், மூணாம் நாள் பழகிடும்னு.

— முதல் நாளே பழகிடுச்சு. கொஞ்சம் விலை கூட. ஆனா நாங்க சானாங் விலையை ஏத்தலை. சங்கத்துக்காகச் செய்யறோம், நாமளே தாங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

— இதையும் பேச்சுல சேத்துடறேன். “தாய்மார்கள் தங்கள் கைக்காசைப் போட்டு.” அக்கா, நாளைக்கு வயல் பூஜைக்கு முந்நூறு சானாங் சொல்லியிருந்தேனே?

— இந்தக் கூடையில இருக்கு. வாழையிலை போட்டு மூடியிருக்கேன். திறந்து பாத்துக்கோ.

— நான் பாத்து என்ன தெரியப் போகுது? ஓலை ஓலையாத்தான் தெரியும். நான் கண்ணை நம்பறதை எப்பவோ விட்டுட்டேன். எனக்கு எண் போதும்.

— ஒரு தடவை பாரேன்.

— வேண்டாம். வாடிடும். அதோ ஸ்கூட்டர் சத்தம். ஆபீசரம்மாதான். அந்த முக்காலியை இப்படிப் போடு. இரு, அதுல நானே தூசி தட்டறேன். வாங்க, அரினி அம்மா, வாங்க. வழி நல்லா இருந்துதா?

— வணக்கம், தலைவரே. வழியில மூணு இடத்துல உங்க படம் போட்டு பேனர் கட்டியிருக்கு. “இந்த உரத்தில் குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடலாம்.” சோதனை முடியறதுக்கு முன்னாடியே கட்டிட்டீங்களே?

— நேத்து ஆள் கிடைச்சான். இன்னிக்குக் கிடைக்க மாட்டான்.

— சரி. இவங்க?

— என் அக்கா, லூ கெர்த்தி. சுபாக் தலைவரோட வீட்டம்மா. சந்தையில சானாங் செய்யற பெண்களுக்கு எல்லாம் இவதான் தலைவி.

— தலைவி இல்லை, ஆபீசரம்மா. எல்லாருக்கும் சேத்து டென்பசார் போய் சாமான் வாங்கிட்டு வர்றவ.

— தெரிஞ்சுக்கிட்டதுல சந்தோஷம், அக்கா. தலைவரே, படிவம் நாலு பக்கம் இருக்கு. நான் ஒவ்வொண்ணா கேக்கறேன், நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்.

— சுருக்கமா சொல்றேன்.

— போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. குவியலுக்கு வயசு?

— தொண்ணூத்திரண்டு நாள். அதாவது, இதுக்கு ஒரு வரலாறு உண்டு...

— தொண்ணூத்திரண்டு. எத்தனை தடவை புரட்டினீங்க?

— ஒன்பது.

— நடுவுல சூடு?

— உச்சத்துல அறுபத்து நாலு டிகிரி. இப்ப கை வைக்கலாம். வச்சுப் பாருங்க. மோந்தும் பாருங்க. தாழை இலை, சம்பங்கி, ஊதுபத்தி. உலகத்துல வேற எந்த உரக்கூடத்துலயும் இந்த வாசனை வராது. நாங்க மக்க வைக்கறது குப்பையை இல்லை, பிரார்த்தனையை.

— வாசனைக்குப் படிவத்துல கட்டம் இல்லை. அஞ்சு இடத்துலேர்ந்து மண்வெட்டியால எடுங்க. மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, நடுவுல மூணு. இந்த வாளியில போடுங்க.

— இதோ.

— ஆபீசரம்மா, முன்னாடி எல்லாம் கையால பொறுக்கி எண்ணுவாங்களாமே?

— ஆமா, அக்கா. தட்டுல பரப்பி கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாப்போம். ஒரு கூடத்துக்கு ஒரு நாள் ஆகும். உங்க தம்பிதான் மனு போட்டார். கண் தப்பு பண்ணும், ஆளுக்கு ஆள் மாறும், காந்தம் பொய் சொல்லாதுன்னு எழுதியிருந்தார். அதுலேர்ந்து காந்தம் மட்டும்தான். கால் மணி நேரம்.

— பதினோரு பக்கம் எழுதினேன்.

— முதல் பக்கத்துலயே ஒத்துக்கிட்டோம். மீதியைப் படிக்கலை. இந்தாங்க, காந்தம்.

— ஏன் காலுறைக்குள்ள வச்சிருக்கீங்க?

— சும்மா பையில போட்டா வீட்டுச் சாவி, சில்லறை எல்லாத்தையும் இழுத்துக்குது. இது என் வீட்டுக்காரர் காலுறை, துவைச்சதுதான். சோதனைக்கு முன்னாடி காந்தம் வேலை செய்யுதான்னு ஒரு இரும்புல வச்சுக் காட்டணும். விதி அப்படி. அக்கா, உங்க சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் தர்றீங்களா?

— எடுத்துக்கோங்க.

— ஒட்டலையே.

— ஒட்டலையா? அரினி அம்மா, என்ன இது? காந்தம் செத்துப் போச்சா? வேற காந்தம் இருக்கா? நாளைக்கு புபாத்தி வர்றார். போன் பண்ணி யாரையாவது...

— நெங்கா, உக்காரு. அது எவர்சில்வர் டப்பா. நல்ல எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— வாங்கறப்ப ஒட்டிப் பாத்துத்தான் வாங்குவேன். ஒட்டினா மட்டம், துருப் பிடிக்கும். ஒட்டலைன்னா அசல். கடைக்காரனே காந்தம் வச்சிருப்பான்.

— அக்கா சொல்றது சரிதான், தலைவரே. அந்த மண்வெட்டியைக் குடுங்க. இதோ, பிடிச்சுக்குது. ரெண்டு கையால இழுத்தாதான் வருது. எழுதிக்கறேன். “காந்தம் நல்ல நிலையில் உள்ளது. சாட்சி, மண்வெட்டி.”

— அப்பாடா. எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னு போச்சு.

— வெள்ளைத் தட்டுல ஒரு கிலோ பரப்பறேன். மூணு தடவை ஓட்டுவேன். சோதனை நடக்கறப்ப தயவு செஞ்சு யாரும் பேசக் கூடாது.

— அக்கா, பேசாத.

— நான் பேசலை.

— முதல் தடவை. ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமே இல்லையா?

— பேசாதீங்க, தலைவரே. ரெண்டாவது. இந்த ஓரம். இல்லை. இந்தப் பக்கம் கிளறறேன். இல்லை. இது என்ன, மின்னுது?

— எங்க? அதுவா? ஜிகினா. சில பேர் சானாங் ஓரத்துல ஜிகினா ஒட்டறாங்க. அதுவும் ஒரு பிரசாரத்துக்கு வச்சிருக்கேன். வருஷம் ஒதுக்கியாச்சு.

— கெட்டியா இருக்கே.

— நல்ல ஜிகினா. காந்தத்தை வையுங்க.

— வைக்கறேன். ஒட்டலை.

— ஒட்டலைன்னா பின் இல்லை. அவ்வளவுதான்.

— ஆபீசரம்மா, அது வந்து...

— அக்கா, சோதனை நடக்குது. பேசக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?

— சரி.

— இங்கயும் ஒண்ணு மின்னுது. இங்க ரெண்டு. இதுலயும் ஒட்டலை. மின்னறதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கான்னு பாக்கறேன். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக், காந்தத்தில் ஒட்டும் பின். மின்னறதுக்கு இல்லை.

— அப்ப விட்டுடலாம்.

— விட்டுடலாம். மூணாவது தடவை. இல்லை. தலைவரே, பூஜ்யம்.

— என்ன?

— பூஜ்யம். கிலோவுக்குப் பூஜ்யம் பின். பத்து வருஷமா இந்த வேலையில இருக்கேன், இந்தக் கட்டத்துல நான் பூஜ்யம் போட்டதே இல்லை. எப்படிப் போடறதுன்னு யோசிக்க வேண்டியிருக்கு. எண்ணா, எழுத்தா?

— ரெண்டுலயும் போடுங்க. அக்கா, கேட்டியா? பூஜ்யம்.

— கேட்டேன். நாங்க சொன்னா செய்வோம்.

— அக்கா, உன் காலைக் காட்டு. விழுந்து கும்பிடறேன்.

— வேண்டாம். சேறா இருக்கு.

— இதுல கையெழுத்துப் போடுங்க, தலைவரே. இதுலயும். நான் இங்க போடறேன். போட்டாச்சு. போட்டோ எடுத்து மாகாண ஆபீசுக்கு அனுப்பறேன். போயிடுச்சு. வாழ்த்துக்கள். இந்தக் குவியல்தான் மாவட்டத்துக்கே மாதிரி, அதனால பதினோரு கூடத்துக்கும் சான்றிதழ் உண்டு. உங்க சங்கத்தோட முறையையே பாலி முழுக்கக் கொண்டு போகணும்னு மேலிடத்துல ஏற்கனவே பேச்சு இருக்கு.

— பாலி முழுக்கவா?

— எட்டு மாவட்டம், ஒரு நகரம். அதுக்குத்தான் கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் வச்சிருக்காங்க. “பின் குறைந்ததற்கான காரணம்.” என்ன எழுதட்டும்?

— எழுதிக்கோங்க. அதாவது, தொடர்ச்சியான, உணர்வுபூர்வமான, வீடு வீடான...

— ஒரு வரிதான் இடம்.

— அப்ப “மூங்கில் ஊசி”னு போடுங்க.

— நெங்கா, மூங்கில்னு எழுத வேண்டாம்.

— ஏன்? அடக்கமா இருக்காத, அக்கா. இதுல பெருமைப்பட்டுக்கலாம்.

— அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வர்றேன். முடிக்க விட்டாத்தானே? உன் இருபது கட்டும் சாத்தே சுடற கடைக்குப் போச்சு. சானாங்குக்குத் தடிப்பு, ஓலை கிழியுது. கறி கோக்க நல்லா இருக்குன்னு கடைக்காரி சொன்னா. நல்ல குச்சி, வீணாப் போக வேண்டாம்னு குடுத்துட்டோம்.

— இருபதுமா?

— அடுத்த முப்பது எப்ப வரும்னு நேத்துகூடக் கேட்டா.

— போன வாரம் நான் அந்தக் கடையில சாப்பிட்டேன்.

— அப்ப பாத்திருப்பே.

— இரு, இரு. மூங்கில் சாத்தே கடைக்குப் போச்சுன்னா, நீங்க சானாங்கை எதால குத்தறீங்க? கோந்தா? நாரா?

— தலைவரே, ஒரு நிமிஷம். அந்த வரப்புல யாரோ வர்றாங்க. நம்மளைப் பாத்துத்தான் கையை ஆட்டறாங்க.

— மச்சான். மச்சான்தான் அது. மச்சான், பூஜ்யம். பூஜ்யம். காது கேக்கலை அவருக்கு. பாருங்க அரினி அம்மா, எவ்வளவு நிதானமா நடந்து வர்றார். சொந்த வயல்ல, சொந்த மாவட்டத்து உரத்துல, வெறுங்காலோட. அதான் பெருமிதம்.

— நொண்டறார்.

— பழைய கால், அக்கா. ஈரம் பட்டா அப்படித்தான்.

— பழைய கால் இடது. இப்ப ரெண்டுலயும் நொண்டறார்.

— உக்காந்துட்டார், தலைவரே. வரப்புலயே உக்காந்துட்டார். உள்ளங்காலைத் திருப்பிப் பாக்கறார்.

— முள்ளா இருக்கும். அந்தப் பக்கம் தொட்டாச்சிணுங்கி நிறைய.

— எதையோ பிடுங்கி எடுக்கறார். வெயில்ல காட்டறார். மின்னுது.

— ஜிகினாவா?

— ஜிகினா கால்ல ஏறுமா, தலைவரே? இன்னொண்ணு எடுக்கறார். இன்னொண்ணு. படிவம் வேற மாகாண ஆபீசுக்குப் போயிடுச்சே.

— அக்கா. இந்தக் கூடையில என்ன இருக்கு? நாளைக்கு உள்ள முந்நூறையும் நீ எதால குத்தியிருக்க?

— ஸ்டேப்ளர்லதான். பழைய ஸ்டேப்ளர், புதுப் பின்.

— காந்தத்துல ஒட்டவே இல்லையே. மச்சான் காலு, அக்கா. மறுபடியும் மச்சான் காலு.

— பயப்படாத, நெங்கா. துருவாலதான் சீழ் வச்சதுன்னு டாக்டர் சொன்னார், காந்தத்துல ஒட்டக் கூடாதுன்னு நீ சொன்னே. ரெண்டையும் கணக்குல வச்சுத்தான் ஆறு மாசமா நாங்க அடிக்கறது எல்லாம் எவர்சில்வர் பின்.